பதினெட்டாவது படம்

பதினேழு கழிப்பறைகளைப் படம் பிடித்தவன் நான்.
கதவு ஒன்றுதான்.

நீலத் தகரம். வலது மூலையில் நசுங்கல்,
ஊராட்சித் தலைவர் வீட்டுக் காளை முட்டியதாம்.
அது தெரியாதபடி
ஒவ்வொரு முறையும் ஒருத்தியை
அந்த மூலையில் நிற்கவைத்தேன்.
கையில் சிலேட்டு, சிலேட்டில் அவள் பெயர்.
"சிரிக்க வேணாம்மா, கேமராவப் பாருங்க."
பார்த்தார்கள்.
கோதாவரம்மாள் மட்டும் போகும்போது
கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.
உரமூட்டை அடுக்கியிருந்தது.

ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு நாற்காலி இல்லை.
ஒப்பந்தம். மாதம் எட்டாயிரம், மூன்று மாத நிலுவை.
மார்ச் முப்பத்தொன்றுக்குள்
வெட்டவெளிக்கு யாரும் போகாத ஊராட்சியாக
எல்லா ஊராட்சியும் ஆகிவிட வேண்டும் என்று
மேலேயிருந்து வாட்ஸப்பில் வந்தது.
அதிகாரி அதை அப்படியே எங்களுக்குத் தள்ளினார்,
ஒரு கட்டைவிரலும் சேர்த்து.

பள்ளிப்பட்டுக்கு வடக்கே வேலகுப்பம்.
கடைசித் தெருவில் பாதி ஆந்திரா.
பெட்டிக்கடை தமிழ்நாடு,
சாயங்காலம் அதன் நிழல் விழும் இடம்
வேறு முதலமைச்சருக்குச் சொந்தம்.
உட்கார்ந்த கல்லைவிட்டு நான் எழவேயில்லை,
போன் தெலுங்கில் வரவேற்கிறது.

அந்தத் தெருவில் முனிலட்சுமி
யாரும் சொல்லாமலே கட்டியிருந்தாள்.
நகரியில் விசைத்தறி, இரவு ஷிப்ட்.
விடிவதற்குள் போய்வந்துவிட வேண்டும் என்கிற
ஊர்ப் பெண்களின் சட்டம்
விடிந்தபிறகு வீடு வருகிறவளுக்கு எப்படிப் பொருந்தும்?
குழுக்கடன் பதினெட்டாயிரம்.
சந்துவிட்டு அடுக்கிய செங்கல்லில் இரண்டு குழி,
ஒன்று நிறைந்தால் மற்றதற்குத் திருப்பிவிட நடுவில் ஒரு தொட்டி.
கதவுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

முதன்முறையாக எதையும் மறைக்காமல்
ஒரு படம் எடுத்தேன்.
ஏற்றினேன். சுற்றியது, சுற்றியது,
சிவப்பில் எழுதிக் காட்டியது:
இடம் மாநில எல்லைக்கு வெளியே.

பதினோரு அடி.

கையை உயர்த்திப் பிடித்தோம், புளியமரத்தடிக்குப் போனோம்,
போனை அணைத்து உயிர்ப்பித்தோம்.
வீட்டு வாசலில் நின்றால் ஏற்றுக்கொள்கிறது,
ஆனால் அங்கிருந்து தெரிவது அவளுடைய அடுப்பு.
சமைப்பது இந்த மாநிலம்,
மிச்சமெல்லாம் அந்த மாநிலம்.

அந்தப் பக்கத்துச் செயலகத்துக்கும் போய்வந்தாளாம்.
ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"மீ வாள்ளனே அடகம்மா" என்றார்களாம்.
எங்கள் ஆட்கள் என்றால் நான்தான்.

பலகை திறந்த அன்று ஷாமியானா போட்டார்கள்.
பதினேழு பேருக்கும் பூச்செண்டு,
லட்டு, கைதட்டல்.
பலகைக்குப் பின்னாலேயே தொடங்குகிறது
ஏரிக்கரைக்குப் போகும் தடம்,
புல் முளைக்க நேரம் கொடுக்காத தடம்.
கூட்டம் கலையும்போது முனிலட்சுமி கேட்டாள்:
"தம்பி, உங்க கணக்குல
நான் எங்க போறேன்?"

மைக்செட்காரர் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்.
நான் அவருக்கு ஒத்தாசை செய்யப் போனேன்.

இப்போதெல்லாம் இருட்டியதும்
பூச்செண்டு வாங்கியவர்களில் நாலைந்து பேர்
ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு
அவள் வீட்டுச் சந்தில் நிற்கிறார்கள்.
காசு கேட்பதில்லை, தண்ணீர் மட்டும் கொண்டுவரச் சொல்கிறாள்.
குழி சீக்கிரம் நிறைந்துவிடும் என்று
அவளுக்கும் தெரியும்.

போன வாரம் கணக்கெடுப்புக்குப் போன இடத்தில்
எனக்கு வயிறு கலங்கியது.
ஏரிக்கரை தூரம். நீலக்கதவு பூட்டியிருந்தது.
ஓடினேன்.
தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு நூல்கயிறு, தறிநூல்.
வெளியே வந்தபோது ஒன்றும் பேசாமல்
கைக்கு அவளே தண்ணீர் ஊற்றினாள்.
சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
எந்த மொழி என்று எடுத்துப் பார்க்கவில்லை.

அதில்தான் இருக்கிறது
பதினெட்டாவது படம்,
ஏறாமல்.